காலி எடை

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம்
எடைமேடைக் கூண்டுக்குள்
பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.
கன்டெய்னர் லாரி ஏறும்,
சிவப்பு எண் துடிக்கும், நிற்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
பாரத்தோடு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை.
எது வண்டி, எது சரக்கென்று
ரெண்டு தடவை நிறுத்தாமல் யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை டோல்கேட் வீட்டுக்கு
மிஷினைத் தூக்கிக்கொண்டு பிரிசில்லா வந்தாள்,
சுகாதார நிலையத்துப் பெண்.
மேடு பள்ளத் தரை. மூன்று இடம் மாற்றி வைத்து
"எண்பத்து மூணு" என்றாள்
பேனா மூடியைக் கடித்தபடி.

"பிரசவம்?"
மூணு. ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் ஆபரேஷன்.
அன்றைக்குப் போன ரவிக்கையெல்லாம்
தம்பி பொண்டாட்டி போட்டுக் கிழித்தாயிற்று.

"உடற்பயிற்சி?"
ராத்திரி ரெண்டரைக்குத் தண்ணி வரும்.
எட்டுக் குடம், மூணு மாடி.
"அது வேலைக்கா. உடற்பயிற்சி?"

"தூக்கம்?"
அதான் சொன்னேனே, ரெண்டரை.

"தண்ணி எவ்ளோ குடிப்பீங்க?"
கூண்டுக்குக் கக்கூஸ் கிடையாது, கண்ணு.
டீ ஆறு கிளாஸ்.
டிரைவர்கள் வாங்கித் தருவது;
ஓசி டீயில் சர்க்கரை கம்மியா போடச் சொல்ல
வாய் வருமா?

"சாப்பாடு?"
ரேஷன் அரிசி, பாமாயில்.
அப்புறம் பத்து மணிக்கு
பெரியவன் ஒதுக்கிய மஞ்சள் கரு,
அவர் பிசைந்துவிட்டு எழுந்துபோன சோறு,
சட்டி அடியில் ஒட்டிய மீன் குழம்பு.
கொட்டத் தெரியாது எனக்கு.
எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் என் வயிறுதான்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"வாயைக் கட்டணும்க்கா"
எழுதிக்கொண்டே சொன்னாள்.
மாடி ஏறிய மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.
நீயும் ஏறு பார்ப்போம் என்றேன்.
எழுபத்தாறு.
அதை அவள் எங்கேயும் எழுதவில்லை.
ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில்
மிஷின் முள் ஆடியது.

திங்கள் ராத்திரி வண்டி வராத நேரம்
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
லாரி நிற்கும் இரும்புத் தகட்டில் போய் நின்றேன்.
நாற்பது டன் தாங்குவது.
கால் சில்லிட்டது.
கூண்டில் ஒரு கிளீனர் பையன்.
"எண்பதுக்கா!"
பத்துப் பத்தாய்த்தான் காட்டும் அது,
மூணு கிலோவெல்லாம் அதற்குக் கணக்கே இல்லை.

"வண்டி நம்பர் என்ன போட?"
தேசம்மான்னு அடி.
"காலி எடை?"

யோசிப்பதற்குள்
பின்னால் ஹாரன்.
முகத்தில் முழு வெளிச்சம்.
நான் இறங்கினேன்,
எண் சைபருக்குப் போனது.