அரிக்கேன் இறக்குதல்

மைதீன் பிச்சை மதுரையை விட்டது நாலே முக்காலுக்கு.
கயத்தாற்றில் டீக்குக்கூட நிறுத்தவில்லை.
பின்சீட்டில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தது ஈயக்குடுவை;
அதற்குள் நூற்றுப்பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
தன்னில் பாதியை இழந்துகொண்டே வந்தது மருந்து.
கங்கைகொண்டானில் லாரி குறுக்கே நின்ற
பன்னிரண்டு நிமிடத்தையும் கணக்கில் கழித்தேன்.

பாளையங்கோட்டையில் ஏழே கால்.
ஊசிக்கு முன் பெயரை அவர் வாயால் கேட்க வேண்டும், விதி.
'பலவேசம்' என்றார்.
பாதிதான் வெளியே வந்தது,
மீதியைக் குரல்வளைக் கட்டி வைத்துக்கொண்டது.
தொழில்?
'கெணறு வெட்டு. ராதாவரம் பக்கம்.'
கையில் நரம்பு தேட வேண்டியிருக்கவில்லை.
கயிறு இழுத்த கை.

இனி இரண்டரை மணி நேரம் அவர் தனியறையில்.
கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நான், நடுவில் ஒரு மைக்.
'எம்மா, இது என்னத்தைக் காட்டும்?'

காற்று இருக்கிற செல்லுக்குள்
மருந்து வந்த வழியே வெளியேறிவிடும் என்றேன்.
காற்று கிடைக்காத செல்லில் மாட்டிக்கொள்ளும்.
மாட்டிய இடம் எங்கள் மிஷினுக்கு வெளிச்சமாகத் தெரியும்.

ரொம்ப நேரம் பேச்சில்லை.
தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

'நாங்க இதைத் தலைகீழால்லா செய்வோம்.
வெடி வச்சா மறுநா அரிக்கேனைக் கயித்துல கட்டி எறக்குவோம்.
நாப்பது அடியில திரி சுருங்கி அணைஞ்சிட்டுன்னா
ஆள் எறங்கக் கூடாது.
ஒங்க வெளக்கு
அணைய வேண்டிய எடத்துல எரியுது.'

நான் படித்த பாடத்தில் இப்படி ஒரு வரி கிடையாது.

'எம் மச்சினன் சப்பாணிமுத்து ஒருநா
வெளக்கு எறக்காம...'
தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.
நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தேன், குடித்தார்.
நான் மேலே கேட்கவில்லை.

பத்து மணிக்குப் படம்.
கழுத்தெல்லாம் சாம்பல் நிறம்.
இடப்பக்கம் கட்டி,
அதன் நடுவே ஒரு கருப்பு: அங்கே செல்கள் செத்தாயிற்று,
செத்ததில் மருந்து தங்காது.
கருப்பைச் சுற்றி வளையமாய் மஞ்சள்,
மூச்சுக்குத் தவித்துக்கொண்டு,
இன்னும் சாகாமல்.
மேலிருந்து எட்டிப் பார்த்த கிணறு மாதிரி இருந்தது.
ரிப்போர்ட்டில் அப்படி எழுத முடியாது.
எண் எழுதினேன். இரண்டு புள்ளி மூன்று.

உடுத்திக்கொண்டு வந்து கதவருகே நின்றார்.
'எரிஞ்சுதா?'

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதுவும் விதி.
என் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

'அணைஞ்சா நாங்க எறங்க மாட்டோம்.
எரிஞ்சா நீங்க என்ன செய்வீய?'

அங்கேதான் இறங்குவோம் என்றேன்.
மூச்சில்லாத செல் முரடு,
மற்றதைக் கொல்லும் கதிர் அதைச் சும்மா தொட்டுவிட்டுப் போகும்.
அதனால் அந்த வளையத்துக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதா என்று
டாக்டர்கள் உட்கார்ந்து யோசிப்பார்கள்.

'அதுக்கு முன்னால,' என்றார்,
'வேப்பங்கொப்பைக் கயித்துல கட்டி உள்ள விட்டு
மேலயும் கீழயும் அடிப்போம். காத்து எறங்கும்.
அப்புறம் வெளக்கு நிக்கும்.
இங்க கொப்பு வீச வழி உண்டாம்மா?'

கட்டிக்குக் காற்றேற்றும் மாத்திரை பற்றி
எங்கோ படித்த ஞாபகம்.
நம்மூரில் கிடைக்குமா, தெரியாது.
டாக்டரிடம் இதே மாதிரிக் கேளுங்கள் என்றேன்,
கொப்பு என்றே கேளுங்கள்.

சாயந்திரம் வரை பேரப்பிள்ளையை மடியில் வைக்க வேண்டாம்
என்ற தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
இரண்டு மணி வள்ளியூர் பஸ்.
நாங்குநேரி தாண்டும்போது
அவருக்குள் பதினாறில் ஒரு பங்கு இருந்திருக்கும்.
மைதீன் பிச்சை காலிக் குடுவையை வாங்க வந்தார்,
கையெழுத்துப் போடப் பேனா இல்லை என்றார்.