உவர், இதழ் ஆறு

முஸஃபாவில் டயர்க்கடைக்கும்
தண்ணீர் ஃபில்டர் கடைக்கும் நடுவே
ஹம்ஸக்கோயாவின் அச்சகம்.
பகலெல்லாம் 'தலைக்கவசம் அணிக', ஐந்து மொழிகளில்.
இரவு பத்துக்கு மேல் எங்கள் 'உவர்'.
அறுபத்து நான்கு பக்கம், நூற்றிருபது பிரதி,
அட்டைக்கு எச்சரிக்கைப் பலகையில் மிஞ்சிய மஞ்சள்.

குடிநீருமில்லை கடலுமில்லை என்பதால் அந்தப் பெயர்.
பேய்க்கதையாகத் தொடங்கும்,
நாலாம் பக்கத்தில் விண்கலம் இறங்கும்,
துப்பறிகிறவள் கடைசியில்
கொலையுண்டவனையே மணந்துகொள்வாள்.
எந்த அலமாரியில் வைக்க, என்று கேட்ட கடைக்காரர்
பேரீச்சைக்கும் கைபேசி உறைக்கும் இடையில் வைத்தார்.
இரண்டு விற்றது.

ஆறாம் இதழில்
கோயாவின் புதுக் கணினியில் எழுத்துரு அரைகுறையாய் ஏறியது.
ழ இல்லை.
ழ வரவேண்டிய இடமெல்லாம் ஒரு காலிக் கட்டம்.
கோயா மலையாளி, வாய் நிறைய ழ வைத்திருப்பவர்.
இயந்திரத்திடம்தான் இல்லை.
விடியற்காலை நான்கு.
பெனிட்டாவுக்கு ஆறு மணிக்கு டயாலிசிஸ் வார்டு,
எனக்குச் சாரக்கட்டு ஆய்வு.
நூற்றிருபதையும் பின் அடித்த பிறகுதான் பார்த்தோம்.

ரிஃபாய் தொலைபேசியில் கத்தினார்:
"என் கடலுக்கு ஆ▢ம் இல்லையா?"
'மழை பெய்யும் கோள்' அவர் எழுதியது.
ஃபுஜைரா வாசகர் ஒருவர் பாராட்டி எழுதினார்,
அந்தக் கோளில் எவருக்கும் நாக்கு மடங்காது என்பதை
எவ்வளவு நுட்பமாகச் சொல்லிவிட்டீர்கள் என்று.
பெனிட்டா 'நன்றி' என்று மட்டும் பதில் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு பிரதி திரும்பி வந்தது.
தண்ணீர் லாரி ஓட்டும் செங்கோடன், நாமக்கல்காரர்,
ருவைஸ் சாலையில் டாங்கி நிரம்பக் காத்திருந்த நேரத்தில்
நீல பால்பாயிண்ட்டால்
கட்டங்களை நிரப்பியிருந்தார்.
பல இடங்களில் ழ-தான். சில இடங்களில்
அவருக்குத் தோன்றியது.

ரிஃபாயின் கோளில் இப்போது
மலை பெய்கிறது.
வாளைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்.
வானில் கடுகு வட்டமிடுகிறது, இரை தேடி.
கடலின் ஆரத்தை அளக்கப் போனவர்கள் திரும்பவில்லை.
மாலையில் தனிமை தாங்காத பொறியாளன்
குடல் ஊதுகிறான்.

அறிவியல் கதையாய்ப் போனது
எதுவாய் வந்திருக்கிறது என்று
இரண்டு முறை வாசித்தும் எங்களுக்கு விளங்கவில்லை.
ரிஃபாயிடம் கொடுத்தோம்.
நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.
"என் தோட்டத்தில் மீன் இல்லையே" என்றார்,
யாரோ தன்னிடமிருந்து எடுத்துப் போனதைப் போல.

ஒரே ஒரு சொல்லில் மட்டும் செங்கோடன் தடுமாறியிருக்கிறார்.
பக்கம் முப்பத்தொன்று.
விண்கலம் பழுதாகி, இரண்டு சூரியன்களின் கீழே
ஆட்கள் குழாய் பதிக்கும் காட்சி.

நி▢ல்

ஓரத்தில் ற எழுதி அடித்திருக்கிறார்.
க எழுதி அடித்திருக்கிறார்.
ழ போட்டிருக்கலாம்.
போடவில்லை.
கட்டத்துக்குள் ஒரு ஆளை வரைந்திருக்கிறார்,
எறும்பு அளவுக்கு,
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள்.
பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில்.

கோயா எழுத்துருவைச் சரிசெய்துவிட்டார்.
ஏழாம் இதழில் மழை மழையாகவே பெய்யும்,
வாழைதான் வாழை.
ஒரு கட்டத்தை மட்டும் கேட்டு வாங்கினோம்,
அட்டையில், 'உவர்' என்பதற்குக் கீழே.

மெய்ப்புப் பார்த்த பெனிட்டா
இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னாள்.
கால் நீட்ட இடம் வேண்டுமாம்.