முப்பதாயிரம் பீடி

ஏழாயிரத்து ஐந்நூறு.
ரூபாயில் சொன்னால் எனக்கு உறைக்காது.
ஆயிரத்துக்கு இருநூற்றைம்பது கூலி;
மேஸ்திரி கழித்துப் போடாத மாதமென்றால்
முப்பதாயிரம் பீடி.

அஞ்சாம் தேதி ஆனால்
பள்ளிகொண்டா தாண்டி, வேலூர் தாண்டி
ரத்தினகிரிப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு
அது போய்விடுகிறது.
கண்டக்டர் சம்பளத்தில் இருந்துதான்,
இல்லையென்று சொல்லவில்லை.
ஆனால் அரிசிக்கடை பாக்கியை,
பையனின் வேன் காசை
என் கட்டைவிரல் நகம்தான் அடைக்கிறது.

முனிரத்தினம் தன் கையால் அனுப்பமாட்டார்.
போனை என் மடியில் எறிந்து
"அவளுக்குப் போடு" என்பார்.
ரேணுகா என்ற பெயரை
தீர்ப்பு வந்த அன்றே சத்துவாச்சாரி கோர்ட்டில்
விட்டுவிட்டு வந்தவர்.
மாதம் ஒருமுறை அந்தப் பெயரைத் தேடி
அழுத்துகிறவள் நான்.

"பிள்ளை பெறாதவளுக்குச் சம்பளமா?"
இது என் நாத்தனார்.
"உடம்பு நல்லாத்தானே இருக்கு,
ஷூ கம்பெனிக்குப் போகட்டுமே."
இது எதிர்வீடு.
நானும் சொல்லியிருக்கிறேன்.
ஒளிப்பானேன்,
இலை வெட்டிக்கொண்டே, எல்லோரையும்விடச் சத்தமாக.

அவளை ஒரே ஒருமுறை பார்த்தேன்.
மூன்று மாதப் பாக்கிக்கு மனு போட்டிருந்தாள்.
கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடையில்
ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாயா என்று
பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.
அந்தப் பேரம் எனக்குத் தெரிந்த பேரம்.
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போன வைகாசி ஒண்ணாம் தேதி,
கெங்கையம்மன் சிரசு பார்க்க
குடியாத்தமே தெருவில் நின்ற காலையில்
வீட்டு வரி ரசீது தேடி
பரண்மேல் டிரங்குப் பெட்டியை இறக்கினேன்.
ரசீது இல்லை.
அடகுச் சீட்டுகள் இருந்தன, ஆறு.
வளையல் நான்கு. அட்டிகை. கம்மல், கல் நீங்கலாக.
பெயர்: மு. ரேணுகா.
மீட்டதாக எதிலும் கையெழுத்து இல்லை.
தேதிகளைப் பார்த்தேன்.
பிறகு அண்ணாந்து தளத்தைப் பார்த்தேன்.
இந்தக் கான்கிரீட் போட்ட வருஷம்.

கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு.
மாமியார் படுத்தது, மாத்திரை,
மூத்திரப் பை மாற்றிய நாட்கள்,
சி.எம்.சி.யில் டோக்கனுக்கு நின்ற நேரம்,
விடியற்காலை நாலரை.
ஏழு வருஷம்.
செலவுப் பக்கம் ஓரம்வரை நிரம்பியிருந்தது.
வரவுப் பக்கத்தில் பேனா தொடவே இல்லை.

எனக்குக் கணக்கு வரும்.
இருபத்தைந்து ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம்.
நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
அந்த ஏழு வருஷம்
ஆயிரத்துக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன்.
மேஸ்திரியாக இருந்தால்
எந்த ராத்திரியைக் கழிவில் போடுவான்?
எந்த நாளுக்கு நூல் தளர்ந்திருக்கிறது என்பான்?
ஏழாயிரத்து ஐந்நூறில் நிறுத்தினாரே நீதிபதி,
அவர் எந்த முறத்தில் வைத்து எண்ணினார்?

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை.
அந்த மாதமும் அரிசிக்கடைக்காரன் தெருவில் நின்று கத்தினான்.
பையனுக்குச் செருப்பு வாங்கவில்லை.
நியாயம் அவள் பக்கம் இருக்கலாம்;
படி அரிசி என் பக்கம்தான் குறைகிறது.

சாயங்காலம் சிரசு உடலோடு சேர்ந்தது.
வெடி காதைப் பிளந்தது.
சேர்ந்ததற்கு வெடி போடுகிறார்கள்.
பிரிந்ததற்கு ரசீதுகூட
இன்னொருத்தி பரணில்.

சீட்டுகளைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.
நீல டிக் இரண்டும் விழுந்தன.
பதில் இல்லை.
மறுநாள் மத்தியானம் ஒரு வரி வந்தது:
"அந்தக் கம்மலில் கல் சிவப்பு."
அவ்வளவுதான்.

இந்த மாதம்
"உன் செயினைக் கொடு, பைக்குக்கு முன்பணம் கட்டணும்"
என்றார் இவர்.
கொடுத்தேன்.
கடைக்கு மட்டும் நானே போனேன்.
சீட்டை டிரங்குப் பெட்டியில் வைக்கவில்லை.
முறத்தில், இலைக்கு அடியில்,
தூள் நெடியோடு இருக்கிறது,
என் பெயர் மேலே தெரியும்படி.