இம்மி பிசகாமல்

ஒன்பதை எடுத்துக்கொள்.
அதற்கு சைன், வந்ததற்குக் கொசைன், அதற்கு டேன்ஜென்ட்.
பிறகு போன வழியே திரும்பி வா,
மூன்று கதவையும் பின்பக்கமாகத் திறந்து.
வாசலில் நிற்க வேண்டியது அதே ஒன்பது.

ஹில்லாரின் கருவியில் அது நின்றதில்லை.
பச்சை எழுத்து சில நொடி துடித்துவிட்டு
9.0047 என்று வருமாம்,
சந்தைக்குப் போனவன்
யாருடைய குடையையோ பிடித்துத் திரும்புவதுபோல.
கருவி இப்போது எரிவதில்லை.
அளவைக் குறிப்பேட்டின் பின்னட்டையில்
பென்சிலில் மட்டும் இருந்தது அந்த எண்.

நான் எழுதிய நிரலில்
பளிச்சென்று ஒன்பது.
"சரியாகத்தானே இருக்கிறது, லேலோ" என்றான் ஆர்வோ
பீட்ரூட் நறுக்கியபடி.
அதுதான் தவறு என்றேன்.
அது பிசகிய இடத்தில், பிசகிய அளவுக்கு
இம்மி பிசகாமல் பிசக வேண்டும் இது.

எழுபத்தொன்பதில், வில்யாண்டிக்கு வடக்கே
ஒரு கூட்டுப்பண்ணையின் வடிகாலை அளந்தார் ஹில்லார்.
சுற்றி வந்து கணக்கை மூடியபோது
பதினோரு சென்டிமீட்டர் மூட மறுத்தது.
சம்பளத்தில் பிடித்தார்கள்.
பிழை என்னுடையதா, அதனுடையதா?
இதைக் கேட்கத்தான் பேருந்தேறி டார்ட்டு வந்தார்,
சில்லை ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு.

ஆய்வகத்தில் கேர்ஸ்டி அதன் ஓட்டை அமிலத்தில் கரைத்தாள்.
நுண்ணோக்கிப் படங்கள் நாற்பது.
புள்ளி இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம்.
பிப்ரவரி முழுக்க அதையே படித்தேன்,
ஜன்னலில் பனி, பார்வையில் புள்ளி.

பெருக்கத் தெரியாத சில்லு அது.
கூட்டும், கழிக்கும், தசமப் புள்ளியைத் தள்ளும்.
கோணத்தை நோக்கி ஒரு திருப்பு திருப்பும்;
தாண்டிவிட்டால் எதிர்ப்பக்கம் அதைவிடச் சின்னதாய்;
எட்டு இலக்கம் தீரும்வரை
பூட்டில் சாவியை ஆட்டுகிறவனைப் போல.

மார்ச்சில் 9.0051.
கிட்டத்தட்ட.
இந்தச் சொல்லோடு பதினாறு நாள் படுத்து எழுந்தேன்.
இருபத்தேழாம் படத்தில், ஒரு மாறிலியின் கடைசி இலக்கத்தில்
நான் ஒன்று என்று படித்தது தூசி.
பெருக்கத் தெரியாதது என்று தெரிந்தும்
தூசியை நான் எதிர்பார்க்கவில்லை.

9.0047.
ஆர்வோவை எழுப்பினேன். "நல்லது" என்று தூங்கிவிட்டான்.

குறிப்பேட்டின் கோணங்களை வரிசையாக ஊட்டினேன்.
தொலைபேசியில் சொன்னேன்:
கருவியின் பங்கு நான்கு மில்லிமீட்டர்.

அந்தப் பக்கம் கெட்டில் கூவி அடங்கியது.

"அப்படியென்றால் மீதி என்னுடையது.
அன்று காற்று. கோல் பிடித்தவனுக்கு இருமல்.
மறுபடி அளந்திருக்கலாம்.
மழைக்கு முன் வீடு போக நினைத்தேன்."

சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.
அவரும் கேட்கவில்லை.
"அணைத்துவிடாதே, இன்னொரு கோணம் இருக்கிறது" என்றார்.
காகிதம் புரளும் சத்தம்.
எண்பத்தொன்பது, பன்னிரண்டு, நாற்பது.

அடித்தேன். அதன் பழைய வேகத்தையும்
நானே எழுதி வைத்திருந்தேன்.
திரை துடித்தது.
இருவரும் காத்திருந்தோம்.