பதினொரு நொடி

போர்ட் லூயிஸ் குதிரைப் பந்தயத் திடல்.
ஆறாவது பந்தயம் பாதியில் இருக்க
சிக்னல் மலை மழையைச் சரித்துவிட்டது.
அந்தப்பக்கம் குதிரைகளே இல்லை.
எட்டுப் பெயர்கள் மட்டும்
என் தாளில், நனைந்து.

வானொலியில் மௌனம் வந்தால்
பழுதென்று பெட்டியைத் தட்டுவார்கள்.
ஆகவே நானே ஓட்டினேன்:
மூன்று உள்வேலியோரம் நழுவுகிறது,
ஏழு விடவில்லை, ஏழு விடவில்லை...
பதினொரு நொடி.
திருப்பத்தில் வெளியே வந்தபோது
ஏழு கடைசி. காதுவரை சேறு.

மறுநாள் மீன் சந்தையில்
ஆர்மூகம் வலாய்தோன் வழிமறித்தார்.
ஏழின்மேல் இருநூறு ரூபாய் கட்டியவர்.
செதிள் ஒட்டிய கையால் என் கையைப் பிடித்து,
"போகட்டும் செல்வினா,
அந்தக் கொஞ்ச நேரம் நான் பணக்காரன்."

பிறகு தொலைக்காட்சி.
முகத்தில் பவுடர், காதுக்குள் ஒரு குரல்:
தெரிவதைச் சொல்லாதே.
இருபத்திரண்டு வருடம் சொல்லவில்லை.
தெரியாததைச் சொல்ல இடமே வரவில்லை;
மழை வந்தால்
சோப்பு விளம்பரம் போட்டுவிடுவார்கள்.

நேற்றுக் கடைசி ஒளிபரப்பு.
பவுடரைக் கழுவாமலே கிளம்பினேன்.
மோக்கா சாலையில் கொட்டுகிறது,
வைப்பர் அடித்தும் முன்னால் ஒன்றும் தெரியவில்லை.
வாய் தானாகத் தொடங்கிற்று:
ஏழு விடவில்லை.