ஒரே ஆள், வேறு ஆள்

கழனிவாசலில் எவர்சில்வர் கடைக்கு மேலே
இரண்டாவது மாடி.
செருப்பைக் கழற்றி, விரலை வைத்து,
'வருகை பதிந்தது' என்று கருவி சொன்ன பிறகுதான்
நான் வந்திருக்கிறேன்.

வேலை இதுதான்:
திரையில் இடப்பக்கம் ஒரு பெயர்
வலப்பக்கம் ஒரு பெயர்
கீழே இரண்டு பொத்தான்.
ஒரே ஆள். வேறு ஆள்.
பதினான்கு நொடி.
யோசித்தால் ஓரத்தில் சிவப்பு ஏறும்.

யாருடைய பெயர்கள் என்று கேட்கக் கூடாது.
இன்சூரன்ஸ் என்கிறான் பீர்முகமது.
கடன் கொடுக்கும் ஆப் என்கிறாள் சிகப்பி.
ஒப்பந்தத்தில் 'வாடிக்கையாளர்' என்று மட்டும்.
கையெழுத்துப் போடும் பக்கத்தைத்தான் காட்டினார்கள்.

முதல் இரண்டு மாதம் லூதியானாவும் கட்டாக்கும்.
குர்ப்ரீத்துகள் எல்லோரும் ஒன்றுபோல் இருந்தார்கள்.
தட்டித் தட்டித் தள்ளினேன்,
தூக்கம் கெடவில்லை.

மூன்றாம் மாதம் நம் பக்கத்து மூட்டை வந்து இறங்கியது.

பழ. சித. மெய்யப்பன்.
சித. பழ. மெய்யப்பன்.
அதே ஊர், அதே தெரு, கதவிலக்கமும் அதே.
தொண்ணூற்று மூன்று சதவீதம் ஒரே ஆள்
என்கிறது இயந்திரம்.
கையேடு, பக்கம் பதினொன்று:
'முன்னெழுத்துகள் இரைச்சல். பொருட்படுத்த வேண்டாம்.'

சிகப்பி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"எங்க வீட்ல மூணு மெய்யப்பன் இருக்காக.
கூப்பிட்டா மூணு பேரும் திரும்புவாக.
இனிசியல்தான்டி ஆளு.
பேரு பொது."

வேறு ஆள் என்று அழுத்தினேன்.
அடுத்ததும் வேறு. அதற்கடுத்ததும்.
பள்ளத்தூரில் ஒரே தெருவில் எட்டு சிதம்பரம்,
எட்டுப் பேரையும் தனித்தனியே நிற்க வைத்தேன்.
சாயங்காலம் என் துல்லியம் எண்பத்தொன்று.

ஜெசிந்தா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
திட்டவில்லை.
"எனக்கும் தெரியும்மா.
ஆனா விடைத்தாள் அவங்களோடது."

மறுநாள் ஒரே ஆள்.
அதற்கு மறுநாளும்.
மாதக் கடைசியில் தொண்ணூற்றேழு புள்ளி நான்கு,
இருநூறு ரூபாய்க்குப் பிரியாணிக் கூப்பன்.
மூன்று பேரும் சாப்பிட்டோம்.
நன்றாகத்தான் இருந்தது.

அந்த இரண்டு புள்ளி ஆறைப் பற்றி எனக்குக் கவலையில்லை.
தொண்ணூற்றேழைத்தான் நினைத்துக்கொள்கிறேன்
பஸ் கண்டனூர் தாண்டும்போது.
எந்த மெய்யப்பன் வாங்கிய கடனுக்கு
எந்த மெய்யப்பன் வாசலில் ஆள் நிற்பார்கள்?
எந்த கவுன்டரில்,
'நீங்க செத்துப்போய்ட்டீங்களே சார்' என்பார்கள்?

இதற்கு நடுவில் என் பி.எஃப்.
எனக்கு இரண்டு எண் இருக்கிறதாம்.
திருச்சிக் கம்பெனி வைத்தது: அ. வள்ளிக்கண்ணு.
இவர்கள் வைத்தது: வள்ளிக்கண்ணு அடைக்கலம்.
பணத்தில் பாதி அவளிடம், பாதி என்னிடம்.
ஆதார், பாஸ்புக், நோட்டரி முத்திரை,
இரண்டு பேரும் நானே என்று இரண்டு கையெழுத்து.
நாலு மாதமாய்ப் 'பரிசீலனையில்'.

எங்கோ ஒரு மாடியில் ஒருத்தி
இடப்பக்கம் என்னையும் வலப்பக்கம் என்னையும் பார்த்து
வேறு ஆள் என்று அழுத்தியிருப்பாள்.
கோபமில்லை.
அவளுக்கும் கூப்பன் வர வேண்டும்.

திரையின் அடியில் ஒரு சின்னப் பெட்டி:
'குறிப்பு'. நாற்பது எழுத்து.
சாம்பல் நிறத்தில், 'கட்டாயமில்லை'.
யாரும் படிப்பதில்லை என்று பீர்முகமது சத்தியம் செய்கிறான்.
ஒரே ஆள் என்று அழுத்துவதற்கு முன்னால்
அதில் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருக்கிறேன்:
சித. பழ. இவர் வேறு.
கரு. வீர. இவர் வேறு.
போன வாரம் சிகப்பி பார்த்துவிட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை,
அவள் விரல்களும் இப்போது கொஞ்சம் தாமதமாகின்றன.

"துல்லியம் ஓகே," என்றார் ஜெசிந்தா அக்கா.
"வேகம் ஏன் குறையுது?
ஆளுக்கு நாலு நொடி கூடுதே?"

கீபோர்டு சரியில்லைக்கா என்றேன்.

செவ்வாய்க்கிழமை
புதுக் கீபோர்டு வந்தது.