கடைசி விலை

குமாசியில், சுவாமே மேகசினில்,
என் அப்பா பழைய கியர்பாக்ஸ் விற்கிறார்.
முதலில் சொல்லும் விலையை அவர் விலையாகவே எடுத்துக்கொள்வதில்லை.
தன் அப்பாவின் சவப்பெட்டிக்கே
மூன்று கடை ஏறி இறங்கியவர்.

மார்ச்சில் மூன்று கல்லூரிகள்
என்னை வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைந்தன.
கிரீஸ் படிந்த கணக்கு நோட்டில்,
கிளட்ச் தட்டுகளுக்கு அடுத்த பக்கத்தில்,
அப்பா மூன்று கட்டம் போட்டார்.

முதலாவது, ஊருக்கே தெரிந்த பெயர்.
பாஸ்டர்கூட அதை இரண்டு தரம் உச்சரித்துப் பார்த்தார்.
வருஷத்துக்கு எண்பத்தோராயிரம் டாலர்.
உதவித்தொகை: வாழ்த்துகள்.

இரண்டாவது கடலோரத்தில்.
அட்டைப்படத்தில் ஒரு பெண்
புல்லில் படுத்துப் படிக்கிறாள்.
"அந்தப் புல்லுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்"
என்று அப்பா அந்தக் கட்டத்தை அடித்தார்.

மூன்றாவது ஹார்ட்வெல். வடக்கு டகோட்டா.
தம்பி பாஃபோ வரைபடத்தில் விரல் வைத்துத் தேடி
இரண்டு முறை கனடாவுக்குள் போய்விட்டான்.
ஐம்பத்தெட்டாயிரம் என்று எழுதி
முப்பத்துநாலாயிரத்தை அவர்களே கழித்திருந்தார்கள்.

"கேட்காமலேயா?"
அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.
"அப்படியானால் இன்னும் இருக்கிறது."

அன்றிரவு அவர் ட்வியில் சொல்லச் சொல்ல
நான் ஆங்கிலத்தில் தட்டினேன்.
நாங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை.
வேறு கடைக்குப் போகும் எண்ணமும் இல்லை.
உங்கள் கடைசி விலை என்ன?
நான் எழுதியது:
எங்கள் குடும்பச் சூழலைக் கருத்தில் கொண்டு
மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்.
"நான் சொன்னதை அப்படியே எழுதினாயா?"
"அப்படியே."

பதில் வருவதற்குள் டாலர் ஏறியது.
திங்கள்கிழமை பன்னிரண்டு செடி,
வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாற்பது.
நாங்கள் எதையும் வாங்கவில்லை, எதையும் உடைக்கவில்லை,
ஆனாலும் ஐந்து நாளில்
ஒன்பதாயிரத்து அறுநூறு செடி கூடுதலாய்க் கடன்பட்டிருந்தோம்.
விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள்.
இங்கே விரல் அப்படியே இருந்தது,
எங்கோ யாரோ அளவுகோலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

வூஸ்டரிலிருந்து டுஃபியே அத்தை பேசினாள்.
அங்கே கிழவர்களைக் குளிப்பாட்டுகிறாள்,
ஏற்கெனவே வாரத்தில் நாலு இரவு.
"ஐந்தாவதும் எடுத்துக்கொள்கிறேன்.
ஆறாயிரம் என் பெயரில் எழுது."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "அங்கே குளிர் எப்படி என்று
யாராவது உனக்குச் சொன்னார்களா?"

பதினோராம் நாள் பதில்.
மூவாயிரம் டாலர் குறைத்திருந்தார்கள்.
ரேடியேட்டர் கடையிலிருந்து வெல்டிங் பட்டறைவரை
அன்று எல்லோருக்கும் அப்பா மால்ட் வாங்கிக் கொடுத்தார்.
ராத்திரி தூக்கம் வராமல் என் கதவைத் தட்டினார்.
"இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டார்களே.
ஐயாயிரம் கேட்டிருக்க வேண்டும்."

அக்ராவில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம்,
விசா அதிகாரி கேட்டாள்:
ஏன் இந்தக் கல்லூரி?
மண் ஆய்வுக்கூடம் பற்றி,
சிறிய வகுப்புகள் பற்றி,
ஒப்பித்து வைத்ததைச் சொன்னேன்.
பொய் இல்லை. அந்த ஆய்வுக்கூடம் எனக்குப் பிடித்திருந்தது,
மற்ற இரண்டு கட்டங்களும் அடிபட்ட பிறகு.

ஜூலையில் இன்னொரு கடிதம்.
மருத்துவக் காப்பீடு, கட்டாயம்,
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
நான் படித்துக் காட்டினேன்.
அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன்.
தோள் குலுங்கச் சிரித்தார்.
நாற்பது வருஷமாக அவரும்
கியர்பாக்ஸை மலிவாய்க் கொடுத்து
ஆயிலில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.
"அவர்களும் மேகசின்காரர்கள்தான்."

நோட்டைத் திறந்து,
மூவாயிரத்துக்குக் கீழே அதை எழுதிக் கழித்து,
மிச்சம் நூறு என்று இரண்டு முறை வட்டம் போட்டார்.
பேனாவை மூடவில்லை.
"நூறு டாலருக்கு அங்கே
ஒரு நல்ல கம்பளிக் கோட்டு வருமா?
அத்தையைக் கேள்.
முதலில் சொல்லும் விலையைக் கேட்காதே."